கன்று ஈனும் மாட்டுக்குக் கீட்டோன் மீட்டர்: நான்கு ஆண்டு அனுபவம்

பதினான்கு கலப்பினக் கறவைகள் உள்ள எங்கள் பண்ணையில், ஈன்ற மாடுகளின் இரத்தக் கீட்டோன் அளவைக் காட்டும் கைக்கருவியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் மீட்டரைப் போன்றதே இது. வால் நரம்பிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் போதும். எண் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால், அறிகுறி வெளியே தெரியாவிட்டாலும் கீட்டோசிஸ் (உடல் கொழுப்பு கரைவதால் இரத்தத்தில் கீட்டோன் மிகுந்துவிடும் நோய்) உள்ளே தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

சினை பிடிக்கத் தாமதமானதால் நெடுநாள் பால் வற்றிய நிலையில் நின்று, உடற்கட்டு (மாட்டின் கொழுப்பைப் பார்த்து இடும் மதிப்பெண்) 5-க்கு 4 என்னும் அளவுக்குக் கொழுத்துவிட்ட ஒரு மாட்டிடம்தான் இதன் அருமை புரிந்தது. ஈன்ற எட்டாம் நாள் பால் குறையவில்லை. தொட்டியில் அடர்தீவனம் மட்டும் சிறிது மீந்திருந்தது. மீட்டர் 2.1 காட்டியது. மருத்துவர் சொற்படி புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் ஆற்றல் தரும் திரவத்தை நாளுக்கு 300 மில்லி வீதம் ஐந்து நாள், புரையேறாதபடி தலையை அதிகம் உயர்த்தாமல் புகட்டினோம், எண் 0.8-க்கு இறங்கியது.

ஆயினும் மீட்டர் வந்துவிட்ட நோயைத்தான் சொல்கிறது. வரப்போவதை எனக்குச் சொன்னது, ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே எழுதிவரும் குறிப்பேடு: உடற்கட்டு, எத்தனையாம் ஈற்று, வற்றிய நாட்கள், கடைசி வாரத்தில் மீந்த தீவனத்தின் எடை. கொழுத்த மாடு ஈனும் தறுவாயில் மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்று, பாலுக்கான ஆற்றலுக்குத் தன் கொழுப்பைக் கரைக்கிறது. ஈரலால் முழுதும் எரிக்க இயலாத மிச்சம் கீட்டோனாகிறது. அதற்காக வற்றுக்காலத்தில் பட்டினி போடுவது பெருந்தவறு; கறவையின் பிற்பகுதியிலேயே அடர்தீவனத்தை அளந்து கொடுக்க வேண்டும்.

மீட்டரில் செருகும் சோதனைப் பட்டைகளின் விலை சுமைதான். கோடையில் கொட்டகையில் வைத்த ஒரு டப்பா கெட்டு, எண்கள் நம்பத்தகாதவையாகிவிட்டன.

பால் காய்ச்சலை, அதாவது ஈனும் தறுவாயில் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறைந்து மாடு படுத்துவிடும் நோயை, இக்கருவி காட்டாது என்பதை ஐந்தாம் ஈற்று ஜெர்சிக் கலப்பினம் ஒன்று ஈன்ற இரவிலேயே படுத்துவிட்டபோது உணர்ந்தேன். பத்து லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து வெளியேறுகிறது. இரத்தத்தில் இருப்பதோ சில கிராம்தான். நரம்பில் கால்சியம் ஏற்றிய பிறகு எழுந்தது. இப்போது மூன்றாம் ஈற்றிலிருந்து ஈனும் மாடுகளுக்குக் கடைசி மூன்று வாரம் குதிரைமசால் தீவனத்தை நிறுத்தி, ஈன்றதும் ஒரு முறை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை வாய்வழிக் கால்சியம் கொடுக்கிறோம்; இரண்டு இரவுகள் எழுந்துபோய், காது சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம்.