தேளின் வால் தெரியும் விண்மீன் வட்டு

தேதியையும் மணியையும் பொருத்தினால் அந்நேர வானத்தைக் காட்டும் சுழல் தகடு, பிளானிஸ்பியர் எனப்படும் விண்மீன் வட்டு. அதை வாங்குவோர் விலையைப் பார்ப்பதற்கு முன், அது எந்த அட்சரேகைக்காக வரையப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். முன்பு என்னிடம் இருந்தது 50 பாகை வடக்குக்கு உரியது. அதில் விருச்சிகத்தின் தலையும் கேட்டையும் விளிம்பை ஒட்டிக் கிடந்தன. வாலின் வளைவு தாளிலேயே இல்லை. அண்மையில் 350 ரூபாய்க்கு வாங்கிய 10 பாகை வட்டில், மூலம் மின்னும் கொடுக்கு வரை தேள் முழுதாக இருக்கிறது.

மேல்தகட்டின் மணியைக் கீழ்த்தகட்டின் தேதியோடு பொருத்தினால், அந்நேர வானம் மேல்தகட்டில் திறந்திருக்கும் சன்னலுக்குள் வந்துவிடும். வட்டு காட்டுவது அந்தந்த ஊரின் தீர்க்கரேகைக்கு உரிய உள்ளூர் நேரம் என்பதால், தஞ்சாவூரில் கடிகார நேரத்திலிருந்து 13 நிமிடத்தைக் கழித்துப் பொருத்துகிறேன். மே மாத நடுவில் இரவு பத்து மணிக்கு, தென்கிழக்கு விளிம்பு கீழே வருமாறு அதைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றேன். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்ததால் கண் கூசவில்லை. அனுஷத்தின் மூன்று விண்மீன்கள் வரிசையாகத் தெரிந்தன; அடுத்துச் சிவந்த கேட்டை; அங்கிருந்து உடல் வலப்புறமாகத் தாழ்ந்து இறங்க, கொடுக்கு இடப்புறம் திரும்பிச் சுருண்டிருந்தது.

உலகின் எல்லா விலங்குகளையும் கொன்றுவிடுவேன் என்று செருக்கோடு சொன்ன வேடன் ஓரியனைக் கொல்ல, பூமித்தாய் கையா இந்தத் தேளை அனுப்பினாள் என்பது கிரேக்கக் கதை. இருவரும் வானில் எதிரெதிரே வைக்கப்பட்டதால், தேள் எழும்போது வேடன் மேற்கில் மறைகிறான் என்பார்கள். கிரேக்க நாட்டின் அட்சரேகையில் அது ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. ஆனால், இந்த வட்டை ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதே முக்காலுக்குத் திருப்பிப் பார்த்தால், கிழக்கில் கேட்டை எழுந்த பின்னும் மேற்கில் ஓரியனின் தோளான திருவாதிரை அடிவானத்துக்கு மேலேயே நிற்கிறது. தெற்கே வர வர இருவரும் சற்று நேரம் ஒரே வானில் நிற்கிறார்கள் என்பதை எனக்குக் காட்டியது இந்தத் தகடுதான். அதற்காகவே கொடுத்த காசு தகும்.

குறையும் உண்டு. வடதுருவத்தை மையமாக வைத்து வரைவதால், தெற்கு விண்மீன்கள் கிழக்கு மேற்காக இழுபட்டு, தேள் உண்மையைவிட அகலமாகத் தெரிகிறது. புதியவர் முதலில் தடுமாறக்கூடும். கோள்கள் தினமும் இடம் மாறுவதால் அவற்றை இதில் குறிக்க இயலாது. கேட்டைக்குக் கிரேக்கர் இட்ட அன்டாரீஸ் என்ற பெயருக்குச் செவ்வாயின் போட்டியாளன் என்பது பொருள். வட்டில் இல்லாத இன்னொரு சிவந்த ஒளி அதனருகே தெரிந்தால், அது பெரும்பாலும் செவ்வாயாகவே இருக்கும்.