எந்தப் பச்சை?

ஓவியத்தில் பச்சை எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பலரிடமும் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது: வளம், நம்பிக்கை, சொர்க்கம், பொறாமை, நஞ்சு, பிசாசு. மியூனிக்கில் உள்ள ஆல்டே பினாகோதெக் அருங்காட்சியகத்தில் மைக்கேல் பாஹர் 15ஆம் நூற்றாண்டில் வரைந்த சாத்தானுக்குப் பச்சை உடம்பு. எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் செத்து மீண்ட கடவுள் ஒசைரிசுக்கும் பச்சை முகம். எலியும் பூனையுமான பொருள்கள் ஒரே நிறத்தின் தலையில் எப்படி ஏறின என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

எனவே நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பச்சை? ஓவியர்களின் பலகையில் வெறும் 'பச்சை' என்று ஒன்று இருந்ததே இல்லை. காடு முழுக்கப் பச்சையாக இருந்தும் இலையைக் கசக்கிப் பூசினால் நாலு நாளில் சருகு நிறம்தான் மிஞ்சும். ஆகவே செம்பிலிருந்தும் மண்ணிலிருந்தும் பாஷாணத்திலிருந்தும் பச்சையைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். குறியீடு என்று நாம் பேசுவதில் பாதி, அந்தக் குணத்தின் வேலை என்பது என் கட்சி. இவற்றை இரண்டிரண்டாக நிறுத்திப் பார்க்கலாம்.

களிம்பும் கல்லும்

புளி போட்டுத் தேய்த்தாலும் செம்புப் பாத்திரத்தில் மறுபடி வந்து ஒட்டும் அந்தப் பச்சைக் களிம்புதான் ஐரோப்பிய ஓவியத்தின் மிகப் பளிச்சென்ற பச்சையாக நெடுங்காலம் இருந்தது. பிரான்சின் மோன்பெலியே நகரில் இது வீட்டுத் தொழில். மண்பானையில் புளிக்கும் திராட்சை ரசத்தின் ஆவியில் செம்புத் தகடுகளை வைத்து, நிலவறையில் களிம்பு பூக்க விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் நடத்திய வணிகம் அது.

சைவ சித்தாந்தத்தில் இதே களிம்பு வேறு வேலை பார்க்கிறது. உயிரோடு கூடவே இருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பு என்பதுதான் அங்கே உவமை. நமக்கு அழுக்கின் அடையாளமாக இருந்ததை அவர்கள் மாதாவின் மேலாடைக்கும் வனத்துக்கும் பூசினார்கள்.

இதன் பெருமையையும் சிறுமையையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் படம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அங்கி ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்தும் நேற்றுத் தைத்தது போலப் பச்சை. அவளைக் கர்ப்பிணி என்றும், பச்சையைக் கருவளத்தின் குறி என்றும் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவள் முன்னால் அள்ளிப் பிடித்திருப்பது துணி. அக்காலத்துப் பச்சைத் துணியை நீலத்தில் ஒருமுறையும் மஞ்சளில் ஒருமுறையும் முக்கி எடுக்க வேண்டும். அத்தனை கஜத்தை வீணாகத் தரையில் புரளவிடுவதுதான் அங்கே செய்தி. பணம் இருக்கிறது என்கிறாள்.

அதே அருங்காட்சியகத்தில் பொல்லாயுவோலோ சகோதரர்களில் ஒருவர் வரைந்த சின்னஞ்சிறு பலகை ஒன்று. கிரேக்கக் கதையில் வருவது போல, அப்போலோ கடவுள் துரத்த, தாஃப்னே என்ற பெண் மரமாகிக்கொண்டிருக்கிறாள். கைகள் இரண்டும் பெரும் இலைக்கொத்துகளாகிவிட்டன. அந்த இலைகள் இன்று பழுப்பு. செம்புப் பச்சை எண்ணெயோடும் பிசினோடும் வெளிச்சத்தில் கிடந்து நிறம் மாறிவிட்டது. அவனிடம் பிடிபடாமல் இருக்க மரமானவள், படத்தில் பட்டுப்போய் நிற்கிறாள். 1400 வாக்கில் ஓவியர்களுக்குக் கைநூல் எழுதிய சென்னினோ சென்னினி இதை முன்பே சொல்லிவிட்டார்: களிம்புப் பச்சை கண்ணுக்கு அழகு, ஆனால் நிலைக்காது, ஈய வெள்ளையோடு மட்டும் சேர்த்துவிடாதே. பச்சை நிலையற்ற நிறம், அதிர்ஷ்டத்தைப் போலக் கைவிடும் நிறம் என்ற ஐரோப்பிய எண்ணத்துக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். சாயப்பட்டறையிலும் ஓவியக்கூடத்திலும் அது உண்மையிலேயே கைவிட்டது.

பக்கத்தில் மாலகைட் என்னும் பச்சைக் கல்லை வையுங்கள். இதுவும் செம்புதான், ஆனால் பூமிக்குள்ளேயே கல்லாகி உறுதிப்பட்டுவிட்டது. எகிப்தியர்கள் இதை அரைத்துக் கண்மையாக இட்டார்கள். சுவரில் பூச இதையும் பயன்படுத்தினார்கள், செம்பைச் சேர்த்துச் சூளையில் சுட்ட செயற்கைப் பச்சையையும் பயன்படுத்தினார்கள். பச்சைக்கும் தழைப்புக்கும் அவர்களிடம் ஒரே சொல். எழுத்தில் அது ஒரு பாப்பிரஸ் தண்டு. வெள்ளம் வடிந்ததும் கறுப்பு மண்ணிலிருந்து பச்சை கிளம்புவதை ஆண்டுதோறும் பார்த்தவர்களுக்கு, மாண்டு மீண்ட கடவுளின் தோல் வேறு நிறத்தில் இருக்க முடியாது.

மாலகைட்டுக்கு ஒரே குறை: நைசாக அரைத்தால் வெளுத்துவிடும். ஜப்பானியர்கள் அதையே கலையாக்கினார்கள். கொரகொரப்பான தூள் அடர் பச்சை, மென்தூள் இளம்பச்சை. டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ள ஓகதா கோரினின் ஐரிஸ் மலர்த் தட்டிகளில் தங்கத் தகட்டின்மேல் நீலப் பூக்கள், பச்சை இலைகள், வேறொன்றும் இல்லை. களிம்பா கல்லா என்றால் என் ஓட்டு கல்லுக்கு. ஆனால் கண்ணாடி போன்ற ஊடுருவும் பளபளப்பு கல்லுக்கு வராது. வான் ஐக்கின் அங்கியைக் களிம்பால்தான் நெய்ய முடியும்.

பாஷாணமும் குரோமியமும்

1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் செம்பையும் ஆர்செனிக் என்ற பாஷாணத்தையும் சேர்த்து ஒரு பச்சை செய்தார். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் அதைவிடப் பளிச்சென்ற உறவுக்காரப் பச்சை ஒன்று சந்தைக்கு வந்தது. விலை குறைவு. இடையில், 1810இல் வெளியான தமது நிறக் கோட்பாட்டில் ஜெர்மன் கவிஞர் கதே ஒரு வரி எழுதியிருந்தார்: பச்சையில் கண் இளைப்பாறுகிறது, அதனால்தான் எப்போதும் புழங்கும் அறைகளுக்கு அதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று. ஐரோப்பா அப்படித்தான் தேர்ந்தெடுத்தது. சுவர்த்தாள், திரை, செயற்கைப் பூ, மேலாடை என எங்கும் பாஷாணப் பச்சை. தூளாக உதிர்ந்தும், ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தபோது வாயுவாகக் கிளம்பியும் ஆர்செனிக் அறைக்குள் பரவியது. இலைகளும் பூக்களுமாகச் சுவர்த்தாள் வடிவமைத்த வில்லியம் மாரிஸின் ஆரம்பக் காலத் தாள்களிலும் அது உண்டு. ஆர்செனிக் எடுத்த சுரங்க நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர் அவர். மருத்துவர்களைச் சூனியப் பீதி பிடித்துவிட்டது என்று 1885இல் ஒரு கடிதத்தில் கேலி செய்தார். (நெப்போலியனைச் சுவர்த்தாள் கொன்ற கதையை நான் இழுக்கவில்லை. சுவையான கதை, சான்று போதாது.) கடைசியில் அந்த நிறமி பூச்சிமருந்தாகி, உருளைக்கிழங்கு வயலில் வண்டுகளைக் கொல்லப் போனது.

போட்டியாளர் விரிடியன். நீரேற்றம் பெற்ற குரோமியம் ஆக்சைடு. 1838 வாக்கில் பாரிஸில் பானெத்தியே என்பவர் இதைச் செய்முறை ரகசியமாக வைத்து அதிக விலைக்கு விற்றார். 1859இல் கின்யே மலிவான முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே எல்லோர் கைக்கும் எட்டியது. வெளுக்காது, கறுக்காது, ஆளைக் கொல்லாது. பெயரில் மட்டும் ஒரு வில்லங்கம். ஆங்கிலேயர் மரகதப் பச்சை என்றது பாஷாணத்தை. பிரெஞ்சுக்காரர் மரகதப் பச்சை என்றது விரிடியனை. பாஷாணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெரோனீஸ் பச்சை. பழைய கடிதங்களைப் படிக்கும்போது இதை மறந்தால் கொலைகாரனையும் காவல்காரனையும் மாற்றிப் பிடித்துவிடுவோம்.

குணத்தில் விரிடியனே வெல்கிறது. அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனாலும் வான் கோவும் செசானும் பாஷாணப் பச்சையைக் கைவிடவில்லை. விரிடியன் ஆழமான, குளிர்ந்த பச்சை, குளத்தின் அடி. அந்த இன்னொன்று வெயில் பட்ட தளிர். அதன் இடத்தை விரிடியனால் நிரப்ப முடியாது.

இங்கேதான் என் கட்சி ஆட்டம் காண்கிறது. 1888 செப்டம்பரில், ஆர்ல் நகரில், வான் கோ இரவு விடுதி ஒன்றை வரைந்தார். ரத்தச் சிவப்புச் சுவர், நடுவே பச்சை பில்லியர்ட்ஸ் மேசை, மேலே பச்சைக் கூரை. மனிதனின் பயங்கரமான வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். அங்கே புழங்கும் பச்சைகளில் வெரோனீஸ் பச்சையையும் சொல்கிறார். அதே மாதம் ஓவியர் கோகானுக்குக் கொடுக்கவென்று தம்மையே ஒரு புத்த பிக்குவைப் போல வரைந்தார். பின்னணி முழுவதும் வெளிறிய வெரோனீஸ் பச்சை. ஒரு படத்தில் நரகத்துக்கு அருகில், மறு படத்தில் தியானத்துக்கு அருகில். நிறமி ஒன்று, மாதம் ஒன்று, கை ஒன்று. மாறியது, பக்கத்தில் சிவப்பு இருந்ததும் இல்லாததும்தான்.

குழாயா, கலவையா

நீலமும் மஞ்சளும் இருக்கும்போது பச்சையை ஏன் தனிக் குழாயில் வாங்க வேண்டும்? வாங்காமல் மாட்டிக்கொண்டவர்கள் டச்சு மலர் ஓவியர்கள். யான் வான் ஹைசமின் பூச்சாடிகளில் இலைகள் இன்று நீலம் பாரித்திருக்கின்றன. தாவரச் சாறிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் பறந்துவிட, நீலம் மட்டும் தங்கிவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் தாலோ கிரீன் என்ற செயற்கைப் பச்சை 1930களின் வரவு. அது வெளுப்பதில்லை, ஆனால் அடக்கமும் இல்லை. ஊசி முனையளவு எடுத்தால் தட்டு முழுவதும் அதுவே பேசும். புதிதாக வரைபவர்களின் வயல்கள் எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். கொஞ்சம் காவி சேர்த்தால் வழிக்கு வரும்.

பச்சையே வேண்டாம் என்றவர்களும் உண்டு. முழுமையான பச்சை, அசையாமல் படுத்து அசைபோடும் கொழுத்த பசு என்றார் கான்டின்ஸ்கி. மோன்ட்ரியன் தமது பாரிஸ் அறையில் வைத்திருந்த செயற்கைத் துலிப் பூவின் இலைக்கு வெள்ளையடித்துவிட்டார். ரசனை, அவ்வளவுதான்.

இரண்டு முகங்கள்

பச்சை மண், அதாவது இயல்பிலேயே பச்சை நிறமான மண், பார்க்க ஒன்றுமில்லாதது. மங்கல், வலுவில்லை, எண்ணெயில் குழைத்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். தக்காணத்துக் கருங்கல் சிதைவில் கிடைத்த பச்சை மண் அஜந்தாவில் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்திலும் இருக்கிறது. களிம்பு பழுப்பான இடத்தில் மண் ஆயிரம் ஆண்டு தாண்டியும் மண்ணாகவே நிற்கிறது.

இத்தாலியர்கள் வெரோனா பச்சை மண்ணை முகத்துக்கு அடிப்பூச்சாக இட்டார்கள். அதன்மேல் இளஞ்சிவப்பை அடுக்கடுக்காக ஏற்ற, தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது போல் தெரியும். இத்தாலிய ஓவியர் துச்சோ காலத்து மாதாக்களின் முகம் இன்று பச்சை பாய்ந்து தெரிவது, மேலிருந்த சிவப்பு தேய்ந்து போனதால். அது நோயின் குறியோ துக்கத்தின் குறியோ அல்ல. சென்னினி இறந்தவரை வரையும் முறையையும் சொல்கிறார். எல்லாம் உயிருள்ளவருக்குச் செய்வது போலவேதான். இளஞ்சிவப்பை மட்டும் தொடாதே, இறந்தவருக்கு நிறம் கிடையாது.

கதகளியின் பச்சை வேடம் இதற்கு எதிர்த்திசை. இங்கே பச்சை அடியில் ஒளிவதில்லை, முகமாகவே வருகிறது. மனயோலை என்னும் மஞ்சள் கனிமத்தை நீலத்தோடு சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் அரைத்துப் பூசுவது மரபு. மனயோலையும் ஆர்செனிக் இனம்தான். தமிழில் அரிதாரம் என்பது அந்தக் குடும்பத்து மஞ்சளின் பெயர், வேடம் போடுவதை அரிதாரம் பூசுவது என்கிறோம். நளன், தருமன், கிருஷ்ணன் போன்றவர்களுக்கு முழுப் பச்சை. ராவணனுக்கும் துரியோதனனுக்கும்கூட அதே பச்சைதான் அடித்தளம், உயர்குலத்தார் என்பதால். ஆனால் மூக்கருகே தொடங்கிக் கன்னத்தில் மேல்நோக்கி வளையும் சிவப்பு ஒன்று சேர்கிறது. கத்தி வேடம் பிறந்துவிடுகிறது. இத்தாலியின் டஸ்கனியில் பச்சைமேல் சிவப்பு ஏறினால் உயிர். கேரளத்தில் பச்சைமேல் சிவப்பு ஏறினால் அகந்தை. மாத்தீஸ் 1905இல் தம் மனைவியின் நெற்றி முதல் முகவாய் வரை இழுத்த பச்சைக் கோடும் எனக்கு இந்த வரிசையில்தான் வருகிறது: அடியில் இருக்க வேண்டியதை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

வாங்குவதென்றால் விரிடியன் ஒன்று, பச்சை மண் ஒன்று போதும். முகம் வரைபவர்களுக்குப் பச்சை மண் மட்டும் போதும். அதை முதன்முதலில் அப்பாவின் முகத்தில் முயன்று பார்த்தேன். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. அப்பா அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பச்சை அடிப்பூச்சு இரண்டு கை முடிந்து காயப் போட்டிருந்தேன். காபி கொண்டுவந்த அம்மா தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றார்.

"இதை இப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. கன்னத்துக்காவது இன்றைக்கே நிறம் கொடுத்துவிடு."

அன்றிரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து கன்னம், காது மடல், மூக்கு நுனி மூன்றுக்கும் சிவப்பு ஏற்றினேன்.