படுக்க வைத்துக் கண்ணைப் பார்க்காமல் தலைசுற்றலுக்கு 'பேக்கேஜ்' விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்

மலேசியாவில் பட்டர்வொர்த், பிறை பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனம். கடைவீட்டு மாடியில் 'நரம்புச் சிகிச்சை' என்று போர்டு மாட்டிக்கொண்டு நடத்துகிற ஓர் இடத்தில் எங்கள் அம்மாவிடம் 2,800 வெள்ளி (ரிங்கிட்) கறந்துவிட்டார்கள். பெயர் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்கும் நான்தான் செலவழிக்க வேண்டும்.

அம்மாவுக்கு 63 வயது. படுக்கையில் வலது பக்கம் புரண்டால் போதும், அறையே கிறுகிறுவென்று சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும், ஆனால் அதற்குள் குமட்டிக்கொண்டு வரும். மேல்தட்டில் இருக்கிற மிளகாய்த்தூள் டப்பாவை அண்ணாந்து எடுத்தாலும் அதே கதை. இதையெல்லாம் அங்கே தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் (டாக்டரா என்று இன்றுவரை தெரியாது) விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, கம்ப்யூட்டரில் சிவப்புச் சிவப்பாக ஒரு மூளைப் படத்தைக் காட்டி, "அம்மா, மூளைக்கு ரத்தம் போகலை, விட்டா ஸ்ட்ரோக்" என்றாராம். யார்தான் பயப்பட மாட்டார்கள்? கழுத்துக்கு ஷாக் மிஷின், மூலிகை மாத்திரை என்று பல நாள் 'பேக்கேஜ்' தொடங்கியது. சுற்றல் குறையவே இல்லை. கேட்டால், "நச்சு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்."

அப்புறம்தான் விஷயம் என் காதுக்கு வந்தது. 1 வெள்ளி கட்டி அரசாங்க கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் தமிழ்ப் பிள்ளைதான். அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை விளிம்புக்குக் கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டார். சில வினாடி ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் கருவிழி இரண்டும் துடிதுடித்துச் சுழல ஆரம்பித்தது. அம்மா "ஐயோ முருகா" என்று டாக்டரின் கையை இறுக்கிப் பிடித்தார். டாக்டர், "இதுதான்மா, கண்டுபிடிச்சாச்சு" என்றார்.

1952-லேயே டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் எழுதி வைத்த சோதனை இது. மிஷின் கிடையாது, ஒரு கட்டில் போதும். உட்காதில் இருக்கிற பொடிப்பொடியான கால்சியம் துகள்கள் இடம் நழுவி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைக்கும்போது அவை உருண்டு உள்ளே இருக்கிற திரவத்தைக் கலக்க, தலை சுற்றுவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. வயதாவது, தலையில் அடிபடுவது, உட்காதில் வந்த தொற்று, இப்படிப் பல காரணம். பல பேருக்குக் காரணமே தெரியாது. நம் ஆட்களுக்குத் தலைசுற்றல் என்றாலே பிரஷர், இல்லையென்றால் ரத்தம் பத்தவில்லை!

வைத்தியம், எப்ளி என்ற டாக்டர் 1992-ல் வெளியிட்ட முறை. அதே படுத்த நிலையில் தலையை மறுபக்கம் திருப்பி, உடம்போடு புரட்டி, உட்கார வைப்பது, அவ்வளவுதான். துகள் குழாயை விட்டு வெளியே போய்விடும். அன்றைக்கே அம்மாவுக்கு முக்கால்வாசி குறைந்துவிட்டது. சிலருக்கு மறுபடி செய்ய வேண்டியிருக்கும், திரும்ப வரவும் கூடும். தலைசுற்றல் மாத்திரை குமட்டலை அடக்குமே தவிர துகளை நகர்த்தாது. கழுத்து எலும்பில் பிரச்சினை இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, கைகால் இழுப்பு, நடக்கவே முடியாமை, திடீர்த் தலைவலி என்று ஏதாவது சேர்ந்து வந்தால் இந்தக் கதையெல்லாம் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டேன். பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் மிச்ச நாள்களை வீட்டில் வேறு யாருடைய முழங்கால் வலிக்காவது பயன்படுத்திக்கொள்ளலாமாம். வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பதிலை ரசீதோடு சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை அங்கே எடுப்பார்கள். இதே இடத்தில் மாட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்கள்.