$1 யாருக்குச் சொந்தம்? பெர்ல், ரூபி, பைத்தான் ஓர் ஒப்பீடு

பர்கூர் பக்கம் ஓர் எடைமேடையின் பழைய பதிவுகளைச் சீர்செய்யும் வேலை வந்தது. எல்லாம் கிரானைட் லாரிகள். வரிக்கு ஒரு வண்டி எண், அப்புறம் டன் கணக்கில் எடை. பெர்ல் மொழியில் ஒரு நிரல் எழுதினேன்: முதல் ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைத் தேடும் வடிவம்) வண்டி எண்ணின் மாவட்டக் குறியைப் பிடிக்கும், இரண்டாவது எடையைப் பிடிக்கும். ரெஜெக்ஸின் முதல் அடைப்புக்குறிக்குள் பிடிபட்டதை வைத்திருக்கும் மாறி $1; இரண்டையும் அதிலிருந்தே எடுத்தேன். எடை எழுதாமல் விட்ட வரிகளில் காலியிடம் வந்திருக்க வேண்டும். 24 என்று வந்தது. டிஎன் 24 கிருஷ்ணகிரியின் குறி, ஆனால் கிரானைட் லாரிக்கு 24 டன் நம்பக்கூடிய எடைதானே! தர்மபுரி வண்டிகளின் 29-உம் அப்படியே தப்பியது. ஓசூர் வண்டி ஒன்று 70 டன் காட்டியபோதுதான் பிடிபட்டது.

காரணம் இதுதான். பெர்லில் ஒரு பொருத்தம் தோற்றால் $1 அழியாது; அதற்கு முன் வென்ற பொருத்தத்தின் மதிப்பு அப்படியே நிற்கும். அதன் ஆயுள் சுற்றியுள்ள பிளாக் (நிரலின் ஒரு தொகுதி) முடியும்வரை. அந்தப் பிளாக்கிலிருந்து அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கும் அது தெரியும். ஃபங்ஷன் உள்ளே வேறு பொருத்தம் செய்தாலும், திரும்பி வந்ததும் நம் $1 பழையபடி இருக்கும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் $1-ஐயே ஃபங்ஷனுக்கு அனுப்பினால் போவது நகல் இல்லை, அதே மாறி. உள்ளே முதல் வேலையாக நகல் எடுக்காமல் இன்னொரு ரெஜெக்ஸ் ஓடி வென்றால், கையில் இருந்த மதிப்பு மாறிவிடும்.

ரூபி இந்த மாறிகளைப் பெர்லிடமிருந்து வாங்கியது, ஆனால் விதியை மாற்றியது. $1, $& (பொருந்திய முழுப் பகுதி) எல்லாம், கடைசிப் பொருத்தத்தின் விவரத்தை வைத்திருக்கும் $~ என்ற ஒன்றிலிருந்து வருபவை. டாலர் குறியைப் பார்த்தால் குளோபல் மாதிரி தோன்றும். உண்மையில் மெத்தட்டுக்கு (ரூபியில் ஃபங்ஷனின் பெயர்) ஒன்று, த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் இழை) ஒன்று. அழைக்கப்பட்ட மெத்தட் நம் $1-ஐப் பார்க்கவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. பொருத்தம் தோற்றால் $~ நில் (nil, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) ஆகிவிடும். என் நிரல் ரூபியில் இருந்திருந்தால் 24 டன் வந்தே இருக்காது. எனக்கு ரூபியின் விதிதான் பிடித்திருக்கிறது.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. மெத்தட்டுக்குள் இருக்கும் பிளாக், அந்த மெத்தட்டின் $~-ஐயே பகிர்ந்துகொள்ளும். ஆகவே ஜிசப் (gsub, பொருந்துவதையெல்லாம் மாற்றி எழுதும் மெத்தட்) அழைப்புக்குக் கொடுக்கும் பிளாக்கில் $1 சரியாகக் கிடைக்கும். ஆனால் ஜிசப்பைச் சுற்றி நாமே ரூபியில் ஒரு மெத்தட் எழுதி, பிளாக்கை அதன் வழியாக அனுப்பினால், $~ அந்த இடை மெத்தட்டில் பதியும். பிளாக்கில் நில்தான் இருக்கும், இல்லையென்றால் பழைய மதிப்பு. இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பைத்தானில் இந்தக் கேள்வியே எழாது. பொருத்தம் ஒரு ஆப்ஜெக்டைத் தரும், தோற்றால் None (ஒன்றுமில்லை) தரும். பெயர் வைத்துக் கையில் வாங்க வேண்டும். முன்பு அதற்கே தனியாக ஒரு வரி வேண்டும். பைத்தான் 3.8-இல் வால்ரஸ் குறி (:=) வந்தபின் ஒரே வரியில் வாங்கிச் சோதிக்கலாம். ஜாவாஸ்கிரிப்டிலும் பழைய $1 உண்டு, அது எல்லோருக்கும் பொதுவானது, தோற்றாலும் அழியாது. தொடாதீர்கள்.

சின்ன மெத்தட், ஒரே ரெஜெக்ஸ் என்றால் ரூபியின் $1 போதும். இடையில் வேறு அழைப்பு இருந்தால் எந்த மொழியிலும் ஆப்ஜெக்டையோ பெயருள்ள மாறியையோதான் எடுப்பேன். பெர்லிலும் வழி இருக்கிறது: பொருத்தத்தை அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாறியில் நேரே வாங்கினால், தோற்றபோது அது காலியாகவே இருக்கும். எடைமேடை நிரலில் அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினேன். ஓசூர் வண்டியின் எடைக் கட்டம் காலியாக வந்தது.