எட்ஜ், என்விடிஏ, டோக்பேக்: மலையகப் பிள்ளைகளின் இணையத் தேடலுக்கு எது கைகொடுக்கிறது?

கோப்பிச் செய்கை ஏன் அழிந்தது, தேயிலை எப்படி வந்தது என்று ஒப்படை கொடுத்தால், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டதும் 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டதும் இன்று தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. பார்வையில்லாத பிள்ளையும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையும் அதைத் தாங்களே தேடி எடுக்க உதவும் மூன்று மென்பொருள்களை இங்கே பார்க்கிறோம். மூன்றும் இலவசம்.

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் பார்வை மங்கிய பிள்ளைக்கும் எங்கள் முதல் தெரிவு மைக்ரோசொப்ட் எட்ஜ் என்ற இணைய உலாவி. கட்டுரைப் பக்கத்தைத் திறந்து கொன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சத்தமாக வாசிக்கத் தொடங்கும். குரல் பட்டியலில் தமிழ் (இலங்கை) என்ற பெயரில் குமார், சரண்யா என்று இரண்டு குரல்கள் உண்டு. கேட்கவும் இதமானவை. எப்9 விசையை அழுத்தினால் விளம்பரங்களும் ஓரப் பெட்டிகளும் மறைந்து கட்டுரை மட்டும் நிற்கும். அங்கே எழுத்தைப் பெருப்பிக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரிகள் மட்டும் தெரியும்படி வைக்கலாம். வரி தவறி வாசிக்கும் பிள்ளைக்கு மூன்று வரி போதும். எப்9 எல்லாப் பக்கங்களிலும் வேலை செய்யாது. கூகுளின் தேடல் முடிவுப் பக்கத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம், உள்ளே போய்க் கட்டுரையைத் திறந்த பிறகு அழுத்துங்கள்.

எட்ஜின் பெரிய குறை, அந்த நல்ல குரல்கள் இணைப்பு இருந்தால்தான் பேசும் என்பது. மழை இருட்டி சிக்னல் விழும் தோட்டத்தில் அது பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். இதற்காகவே விண்டோஸ் அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' என்பதற்குள் 'பேச்சு' பகுதிக்குப் போய்த் தமிழ் (இந்தியா) குரலை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வள்ளுவர் என்ற பெயரில் வரும் அந்தக் குரலுக்கு டேட்டா வேண்டாம்.

முழுமையாகப் பார்வையில்லாத பிள்ளைக்கு எட்ஜ் போதாது, என்விடிஏ வேண்டும். 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய திரைவாசிப்பான் இது, அதாவது திரையில் உள்ளதைச் சத்தமாக வாசித்துச் சொல்லும் மென்பொருள். பாடசாலைக் கணினி அறையில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால் வீட்டுக் கணினியில் நிறுவி, அதன் கருவிகள் பட்டியலிலிருந்து பென் டிரைவுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் 2023.3 பதிப்பைத் தேடி எடுங்கள், அதற்குப் பின் வந்தவை அதில் ஓடாது.

முதல் நாளே பலரைக் கைவிட வைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்களை வாசிக்கிறது, தமிழ் வந்ததும் ஊமையாகிவிடுகிறது. மென்பொருளில் பழுதில்லை. விண்டோஸின் ஆங்கிலக் குரல் தெரிவாகியிருக்கிறது, அதற்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சேர்ட்) கொன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தி, என்விடிஏவுடனேயே வரும் ஈஸ்பீக் என்ற குரல் இயந்திரத்துக்கு மாறுங்கள். பிறகு எஸ்ஸுக்குப் பதில் வீ அழுத்தி வரும் பெட்டியில் தமிழைத் தெரிவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். ஈஸ்பீக்கின் தமிழ் இயந்திரத்தனமானது, முதலில் காதுக்கு உறுத்தும். ஆனால் எந்தக் கணினியிலும், இணைப்பே இல்லாமலும் பேசும்.

தேடும்போது ஈ விசை எழுதும் பெட்டிக்குக் கொண்டுபோகும், என்டர் அழுத்திய பிறகுதான் தட்டச்சுத் தொடங்க வேண்டும். என்டரை மறந்துவிட்டுத் தட்டினால் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகி, பிள்ளை பக்கம் முழுக்கத் தாவித் திரிவாள். முடிவுகள் வந்ததும் டேப் விசையைத் தட்டித் தட்டிப் போகக் கூடாது. கூகுளில் முடிவுத் தலைப்புகள் மூன்றாம் நிலைத் தலைப்புகள், எனவே 3 என்ற எண்ணை அழுத்தினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் 2 அழுத்தினால் பகுதி பகுதியாகத் தாவும். இந்த இரண்டு எண்களையும் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கத் தேவையில்லை.

லயன் வீடுகளில் கணினி எங்கே, அப்பாவின் போன்தான் என்பவர்களுக்கு, போனுக்கான திரைவாசிப்பானான டோக்பேக். அண்ட்ரொய்ட் போன்கள் பெரும்பாலானவற்றில் ஏற்கனவே இருக்கிறது. ஒரு தட்டில் வாசிக்கும், இரண்டு தட்டில் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் அண்ணனோ அக்காவோ போனைப் பறித்து ஒரு விரலால் இழுத்துவிட்டு, பழுதாகிவிட்டது என்பார்கள். தட்டச்சுக்குப் பதில் ஜீபோர்ட் என்ற கூகுள் விசைப்பலகையின் மைக்கில் பேசித் தேடலாம், மொழியில் தமிழ் (இலங்கை) தெரிவு உண்டு. ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் டோக்பேக் பேசுவதையும் மைக் கேட்டுத் தேடல் பெட்டியில் எழுதிவிடும். கையசைவு சிரமமான பிள்ளைக்கும் இந்த மைக் உதவும். ஆனால் நீண்ட கட்டுரைகளுக்குள் தலைப்புத் தலைப்பாகப் போவதில் போன் கணினிக்கு நிகராகாது.

மூன்றும் ஒன்றாகத் தோற்கும் இடம் பிடிஎப். பாமினி எழுத்துருவில் அமைத்த வினாத்தாள்கள், குறிப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எந்தக் குரலும் அதைப் பொருளற்ற உளறலாகவே வாசிக்கும், தமிழில் தேடினாலும் அகப்படாது. அத்தகைய பகுதியைப் பிரதியெடுத்து யுனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்ற வேண்டும். 'நூலகம்' என்ற இணைய நூல் தளத்தில் மலையகம் பற்றிய பழைய நூல்களும் இதழ்களும் ஏராளம், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள். அவற்றைத் திறந்தால் திரைவாசிப்பானுக்கு வெறும் வெள்ளைத் தாள்தான்.

இதற்குக் கூகுள் டிரைவ் உதவும். தேவையான பக்கங்களை மட்டும் எட்ஜில் திறந்து, அச்சிடும் இடத்தில் பக்க எண்ணைக் கொடுத்துப் பிடிஎப்பாகச் சேமியுங்கள். 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்துகள் கீழே வந்துவிடும். இரண்டு பத்தியாக அச்சான இதழ்களில் வரிகள் கலந்துவிடும், 'ர'வும் கால் குறியும் இடம் மாறும், பழைய வடிவ 'லை', 'னை' தப்பாக வரும். பார்வையுள்ள ஒருவர் ஆண்டுகளையும் பெயர்களையும் மூலப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டே பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.