எலுமிச்சைக் கன்றுகளுக்குச் சொட்டுநீரும் மூடாக்கும்: நட்டதிலிருந்து காய்ப்பு வரை

வறண்ட நிலத்தில் எலுமிச்சை, சாத்துக்குடிக் கன்றுகளுக்குச் சொட்டுநீரையும் மூடாக்கையும் (மண்ணை மூடிப் பரப்பும் சருகு, வைக்கோல்) பல கோடைகளாகச் சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன். இரண்டில் ஒன்றுதான் என்றால் மூடாக்கைத்தான் வைத்துக்கொள்வேன். குழாய் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு கன்றின் பங்குக்கு 25 சதுர மீட்டர் நிலம். சின்னக் கன்றின் வேரோ ஒரு மீட்டர் அகல வட்டத்துக்குள் அடங்கிவிடும். அது ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. நிலம் முழுக்கப் பாய்ச்சினால் மிச்சத்தைக் குடிப்பது களையும் வெயிலும்தான். அந்தச் சின்ன வட்டத்தையும் வெறும் மண்ணாக விட்டால் மேல்மண் சீக்கிரமே காய்ந்துவிடும். எலுமிச்சை இனத்துக்கு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேலாகவே இருப்பதால் அந்த ஈரம்தான் முக்கியம். சருகோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை நனைந்தபடியே கிடந்து, பிசின் வடிந்து, அடித்தண்டு அழுகும். மூடாக்கு மட்கிக்கொண்டே போகும், மறுபடி மறுபடி போட வேண்டும். அந்த வேலைக்குச் சலிப்பவர்களுக்கு இது சரிப்படாது.

சொட்டுவான், அதாவது குழாயில் தண்ணீரைச் சொட்டவிடும் சிறு துண்டு, எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பையிலிருந்து எடுத்து நட்ட கன்றின் வேர்க்கட்டி (வேரும் பைமண்ணும் சேர்ந்த கட்டி), சுற்றியுள்ள மண்ணைவிட வேகமாகக் காயும். பக்கத்து மண் ஈரமாக இருக்கும்போதே கன்று வாடுவது இதனால்தான். அதனால் ஆரம்பத்தில் சொட்டு வேர்க்கட்டியின் மேலேயே விழ வேண்டும், ஆனால் தண்டில் படக் கூடாது. அப்புறம் கிளை பரவப் பரவச் சொட்டுவானையும் வெளியே நகர்த்த வேண்டும். பலரும் நட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வேரும் அங்கேயே சுருண்டு கிடக்கிறது.

மணலில் தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட வேண்டும். களிமண்ணுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக இடைவெளி விடுவதே நல்லது. உச்சிவெயிலில் இலை சுருண்டால் பதற வேண்டாம். காலையிலும் சுருண்டே இருந்தால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். நீர் மிஞ்சி வேர் அழுகினாலும் இலை அப்படித்தான் வாடும்.

கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பும் பானைப் பாசனமும் செய்து பார்த்தேன். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கன்று என்றால் அருமை, தோப்புக்கு நிரப்பி மாளாது.

சொட்டுநீரில் குறை என்றால் அடைப்புதான். வடிகட்டி மணலை நிறுத்தும், நீரில் கரைந்த சுண்ணாம்பை நிறுத்தாது. குழாயின் முனையை அவ்வப்போது திறந்து கழுவிவிடுவதோடு, சொட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு கன்றாகப் பார்த்து நடக்கவும் வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னொன்றும் உண்டு. ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். தூறல் மழை அதைக் கரைத்து வேருக்கே தள்ளிவிடும். அதனால் லேசாகத் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுகிறேன்.