ஆதிமலையின் மலைத்தேன்: வாங்கிப் பாருங்கள்

கோத்தகிரி போயிருந்தபோது ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மலைத்தேன் அரைக்கிலோ வாங்கி வந்தேன். கரண்டியில் எடுத்தால் கம்பியாக இழுபடாது, சரசரவென்று ஓடும். கலப்படமோ என்று பயப்பட வேண்டாம், பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேனில் ஈரம் அதிகம். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் லேசான கசப்பு நிற்கிறது. நாவல் பூத்த காலத்துத் தேன் அப்படித்தான் இருக்குமாம். மாமியார் முதல் நாள் “மருந்து மாதிரி இருக்கே” என்றார். அப்புறம் தினமும் சுக்குத் தண்ணீரில் அவரேதான் ஊற்றிக்கொள்கிறார்.

விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். 2021 கணக்குப்படி நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் 147 ஊர்கள், சுமார் 1,700 உறுப்பினர்கள். நிறுவனத்தை நடத்துவதும் பழங்குடியினரே. இயற்கையைக் காத்துக்கொண்டே பிழைப்புக்கும் வழி செய்யும் உள்ளூர் மக்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசு 2021இல் இவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், காடு காக்கும் பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் 170 கோடி டாலர் தருவதாகச் சில அரசுகளும் அறக்கட்டளைகளும் உறுதியளித்தன. முதல் வருடக் கணக்கைப் பார்த்தால், கொடுத்ததில் 7 சதவீதம்தான் அவர்களுடைய அமைப்புகளின் கைக்கு நேராகப் போயிருக்கிறது. எனக்கு மனசு ஆறவே இல்லை. காட்டைக் காப்பவர்களுக்கு நேராகக் கொடுக்க என்ன தயக்கம்?

சரி, தேனுக்கு வருவோம். கண்ணாடிப் பாட்டிலிலேயே வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். வாங்கியது முடியப்போகிறது, இன்னொரு பாட்டிலுக்குச் சொல்லியிருக்கிறேன்.